கிணற்றுத் திருடன்

மழை எட்டிக்கூடப் பார்க்காத ஓர் ஊரில், பிரசிடெண்ட் வைரவன் வீட்டுக் கிணற்றில் மட்டும்தான் தண்ணீர் கிடந்தது. அதற்கும் கம்பிமூடி போட்டுப் பூட்டி வைத்திருந்தார். அப்படியும் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது.

பழி, அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் காத்தாயி மேல் விழுந்தது.

"பொழுது சாயுறதுக்குள்ள திருடனைக் காட்டு. இல்லேன்னா புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊரைவிட்டுப் போயிரு" என்றார் வைரவன்.

காத்தாயிக்குப் போக்கிடம் இல்லை. அழக்கூடத் தெம்பில்லை. ஊரே கருகிக் கிடக்க, கிணற்றை ஒட்டி வைரவன் வளர்த்த தைலமரத் தோப்பு மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அதையே வெறித்துக்கொண்டிருந்தவள் எழுந்துபோய், ஒரு கிளையை இலையோடு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

சாயங்காலம் ஊர் கூடியபோது பைக்குள் தண்ணீர் தேங்கி நின்றது.

"திருடன் சிக்கிட்டான் ஐயா. வேரைக் கிணத்துப் பக்கம் விட்டு உறிஞ்சுறான், இலை வழியா ஆகாசத்துக்குக் கடத்துறான். களவு போன பொருளும் இந்தா இருக்கு. இவனை வளத்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "கிணத்தைத் திறந்து விடுங்க" என்று நெருக்கியது. வேறு வழியில்லாமல் வைரவன் சாவியை நீட்டினார்.

குடங்களோடு ஓடினார்கள். வாளி வெறும் சேற்றோடுதான் மேலே வந்தது.

காத்தாயி பையை அவிழ்த்து, அழுத பிள்ளைகளின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவளுடைய கடைக்குட்டி வாயைத் திறந்தபோது பை காலியாகியிருந்தது.