மணல் மூட்டைக்கு வரிசை கிடையாது

பொற்கொடிக்கு யாரிடம் எதைச் சொன்னாலும் எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம். கேளிக்கைப் பூங்காவின் ராட்சத ராட்டினத்தில் வருகிறவர்களுக்குப் பெல்ட் மாட்டிவிடுவது அவள் வேலை. அன்று கரண்ட் போய் அப்போதுதான் வந்திருந்தது. வரிசையில் ஜனம் இரண்டு மணி நேரமாக வெயிலில் நின்றது. பூங்கா முதலாளியின் சம்பந்தி அருணகிரி நேராக ராட்டினத்தின் வாசலுக்கு வந்து, நேரம் குறித்த ஒரு சீட்டை நீட்டினார்.

"பன்னிரண்டு பத்துக்கு ராட்டினம், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. திட்டம் போட்டுத்தான் வந்திருக்கேன், ஏத்தும்மா."

ஏற்றினால் ஜனம் அடிக்கும், ஏற்றாவிட்டால் வேலை போகும். எப்படிப் பார்த்தாலும் பிழைப்பு போச்சு.

"ஏறுங்கய்யா," என்றாள். "கரண்ட் போய் வந்தா முதல் ரவுண்டுல மணல் மூட்டையைத்தான் கட்டி விடுவோம். அது முழுசாத் திரும்பி வந்தா அப்புறம் ஆளுங்க. மூட்டைக்கு வரிசை கிடையாது. அதுக்குப் பதிலா நீங்க உக்காந்துக்கலாம்."

"ஐயா எடை சரியா இருக்கும்," என்றது வரிசையில் ஒரு குரல்.

அருணகிரி சீட்டை மடித்துக்கொண்டு கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார்.

பொற்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையில் மூட்டை ஓட்டுவது காலையில் பூங்கா திறக்கும்போது மட்டும்தான், கரண்ட் போய் வந்ததற்கெல்லாம் கிடையாது; அவர் விசாரித்தால் அவள் கதை முடிந்தது. சொன்னதை மெய்யாக்க, ஜனம் முணுமுணுக்க முணுமுணுக்க எட்டு மூட்டைகளைத் தூக்கி வந்து, ஒவ்வொன்றுக்கும் பெல்ட் மாட்டி, ஒரு சுற்று விட்டாள்.