பட்டறையில் ஒரு பந்தி

“நான் சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறானுங்கம்மா” என்றார் சென்னியப்பன்.

பாறைமடத்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்ன சொன்னே?”

“மாஸ்க் போடச் சொன்னேன். தண்ணி தெளிச்சுச் சுரண்டச் சொன்னேன். கை கழுவாம சோத்துல கை வெக்காதீங்கடான்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி வாயே வலிக்குதுங்க.”

“வலிக்கும்” என்றார் அம்மா.

சென்னியப்பனுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. பழைய லாரிகள் வந்து நிற்கும். மஞ்சளும் சிவப்புமாக அடுக்கடுக்காய்ப் பூசியிருக்கும் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அந்தப் பழைய பெயிண்டில் ஈயம் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மாவாகப் பறக்கும். மூச்சில் போகும், சோற்றில் விழும், உடம்பில் தங்கிவிடும்.

இதெல்லாம் சென்னியப்பனுக்கே சமீபத்தில்தான் தெரியும். தெரிய வைத்தது ஒரு சின்னப் பெண்ணின் ரத்தம்.

பட்டறையின் முதல் கை வையாபுரி. அவன் மகள் தேன்மொழிக்கு நாலு வயது. எப்போது பார்த்தாலும் வயிற்றுவலி, வெளுத்த முகம், விளையாடுகிற நேரத்தில் சுருண்டு படுத்துக்கொள்வாள். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு ஈயம் என்றார். இனி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் தேறி வருவாள், போய்க்கொண்டே இருந்தால் மூளையைத் தொட்டுவிடும் என்றார்.

சென்னியப்பன் ஆடிப்போனார். மாஸ்க், கையுறை, வேலைக்கென்று தனிச் சட்டை, குளிக்க ஓர் அறை, எல்லாம் வாங்கிப் போட்டார், கட்டிப் போட்டார்.

வையாபுரி மாஸ்க்கை ஆணியில் மாட்டினான். அதைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் மாஸ்க்கை ஆணியில் மாட்டினார்கள்.

“பெத்தவனே நம்ப மாட்டேங்கறான்மா. பாப்பா பட்டறைப் பக்கமே வந்ததில்ல, அது ரத்தத்துல எப்படி வரும், டாக்டரு யாரோடதையோ மாத்திப் படிச்சிட்டாருங்கறான். நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பானுக.”

“நாளைக்கு மத்தியானம் வர்றேன்.”

“பேசறதுக்குங்களா?”

“சாப்பிடறதுக்கு. கத்தரிக்காய்க் கொழம்பு இருந்தா நல்லது.”

அம்மா சென்னியப்பனைவிடப் பத்து வயது சிறியவர். மடத்துச் சாமியாரம்மா என்றாலும் காவி கட்டுவதில்லை, உபதேசம் செய்வதில்லை, சாப்பாட்டில் மட்டும் கூச்சமே கிடையாது. இவரிடம் போய் என்னத்தைக் கேட்கிறாய் என்று மைத்துனன்மார் சென்னியப்பனைக் கேலி செய்வார்கள். அன்று திரும்பி வரும்போது, அவர்கள் கேட்பதும் நியாயம்தானோ என்று அவருக்கே தோன்றியது.

*

மறுநாள் சென்னியப்பன் ஆபீஸ் அறையில் மேசை துடைத்து, நாற்காலி போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு வைத்திருந்தார். அம்மா அந்த அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பட்டறைக்குள் நடந்து, பாதி சுரண்டிய ஒரு லாரியின் பக்கத்தில் போய் நின்றார்.

“இங்கயே உக்காந்துக்கறேன்.”

வையாபுரி சுரண்டியும் கையுமாக எழுந்து நின்றான். “அய்யோ, இங்க ஒரே தூசிங்கம்மா.”

“நீங்கெல்லாம் எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?”

“நாங்க இங்கதானுங்க.”

“அப்புறமென்ன?” அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒருவன் துடைப்பத்தோடு ஓடிவந்து பரபரவென்று கூட்ட ஆரம்பித்தான். மஞ்சள் தூசி இடுப்புயரம் எழுந்தது.

“அட எருமை!” வையாபுரி பாய்ந்து துடைப்பத்தைப் பிடுங்கினான். “தண்ணி தெளிச்சுட்டுக் கூட்ட மாட்டியா? அம்மா மேல பறக்குது பாரு! ஈரத்துணி எடுத்தா!”

தூணருகே சென்னியப்பன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இதே வார்த்தைகளை அவர் அதட்டியும் சொல்லியிருக்கிறார், கையெடுத்துக் கும்பிட்டும் சொல்லியிருக்கிறார்.

தரையை ஈரத்துணியால் துடைத்தார்கள். பத்தவில்லை என்று வையாபுரி துணியை அலசிவிட்டு மறுபடி துடைத்தான். இலை போட்டாயிற்று. சோற்றுக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். வையாபுரி அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“கையா இது? போய் முழங்கை வரைக்கும் கழுவிட்டு வா. சோப்புப் போட்டு!”

சொன்னவன் தன் கையைப் பார்த்தான். அவனும் போய்க் கழுவிக்கொண்டு வந்தான். அம்மாவோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டுமென்பதால் ஒவ்வொருவராகக் குழாயடிக்குப் போனார்கள்.

அம்மா குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். யார் ஊர் எது, யார் வீட்டில் மாடு கன்று போட்டிருக்கிறது என்றெல்லாம் விசாரித்தார். பெயிண்ட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சென்னியப்பனுக்குப் பொறுமை போயிற்று. எப்போதுதான் ஆரம்பிப்பார் என்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் வெல்லம் வந்தது. தூசி வேலைக்காரர்களுக்கு அது பழக்கம். ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் தின்றால் நெஞ்சில் படிந்ததெல்லாம் இறங்கிவிடும் என்பார்கள். சென்னியப்பன் தகப்பனார் காலத்திலிருந்தே பட்டறைச் செலவில் வாங்கித் தருவது.

அன்று ஒரு தலை கூடுதல். வெல்லம் ஒன்று குறைந்தது.

அம்மா வையாபுரியைப் பார்த்துக் கையை நீட்டினார். “உன்னோடதைக் குடு. நீதான் திங்கலையே.”

வையாபுரி சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் கையை விட்டான். காலையிலிருந்து லாரிக்கு அடியில் கிடந்து வேலை பார்த்த சட்டை. வெல்லத்தின் மேல் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அவன் அதை வேட்டியில் துடைத்தான். ஊதினான். மறுபடி துடைத்தான். நீட்டப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“வேண்டாங்கம்மா. இது அழுக்கா இருக்குது. கடையில வேற வாங்கியாறச் சொல்றனுங்க.”

“பரவால்ல, குடு.”

“இதையெப்படிங்க உங்களுக்குக் குடுக்கறது?”

“அப்ப யாருக்கு வெச்சிருந்தே?”

“பாப்பாவுக்கு” என்றான் வையாபுரி. “தெனமும் கொண்டுபோவனுங்க. வாசல்லயே நிக்கும். போனதும் பையிலதான் கைய விடும்.”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான்.

சென்னியப்பன் அவன் கையிலிருந்ததைப் பார்த்தார். அந்த வெல்லத்தை வாங்கித் தந்தவர் அவர்தானே.

வையாபுரி எழுந்து போய்க் குழாயடியில் உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றித் தூரத்தில் எறிந்தான். பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். “என் கையாலயே குடுத்திருக்கறனே” என்பதைத் தவிர அவனிடமிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

அம்மா போய் அவன் பக்கத்தில், ஈரத் தரையில், உட்கார்ந்தார்.

“இன்னிக்கு வெறும் பையோட போ” என்றார், அவன் அழுது ஓய்ந்ததும். “ஓடி வர்றாளான்னு பாரு.”

“வராம எங்க போறா. தூக்கச் சொல்லித்தான் ஓடியாருவா.”

“குளிச்சுட்டுத் தூக்கு.”

*

அதற்கப்புறம் சென்னியப்பன் வாய் வலிக்கவில்லை.

வேலைச் சட்டை பட்டறையிலேயே தங்கியது, அங்கேயே துவைக்கப்பட்டது. குளிக்காமல் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஆணியில் தொங்கிய மாஸ்க்குகள் முகத்துக்கு வந்தன. தண்ணீர் தெளித்து, ஈரத்திலேயே சுரண்டினார்கள். விழுந்ததை ஈரத்தோடு வழித்து, கெட்டியான பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு சாக்கில் போட்டுக் கட்டி, பூட்டிய அறையில் அடுக்கினார்கள். சோறு வேறு கொட்டகையில்.

வையாபுரிதான் இப்போது எல்லாருக்கும் எமன். ஒருநாள் ஆபீஸ் அறையிலேயே முதலாளியை மறித்தான்.

“அந்தச் செருப்போட லாரிகிட்டப் போய்ட்டு வந்தீங்க. வெளிய விடுங்க மொதலாளி.”

சென்னியப்பன் வெளியே விட்டார். உள்ளூர மனசு குளிர்ந்துபோயிற்று.

தேன்மொழிக்கு இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தபோது ஈயம் இறங்கியிருந்தது. இப்படியே போனால் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். சென்னியப்பனுக்குத் தன் பெண்ணே பாஸானது மாதிரி இருந்தது. இதை அம்மாவிடம் தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று டெம்போவில் ஏறினார். டெம்போ அன்று போகிற வழியில்தான் பாறைமடம் இருந்தது.

சொன்னார். அம்மா கேட்டுச் சிரித்தார். சிரிப்பு முகம் முழுக்க இருந்தது. பிறகு வாசலில் நின்ற டெம்போவைப் பார்த்தார்.

“வண்டியில என்ன?”

“அதுங்களா? சுரண்டுன கழிவு. இதைய எடுத்துட்டுப் போறதுக்குன்னு அனுமதி வாங்குன வண்டி இருக்குதுங்க. வர்றேன் வர்றேன்னு இழுத்தடிக்கறான். ரூம்பு நெறைஞ்சு போச்சு. மூட்டை கட்டித்தான இருக்குது, பழைய கல்லுக்குழியில போட்டுறலாம்னு கொண்டுபோறனுங்க.”

“வையாபுரிக்குத் தெரியுமா?”

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். “அவன் லீவுங்க இன்னிக்கு. அங்க ஒருத்தரும் இல்லைங்கம்மா. வெறும் பாறை. யாருக்கு என்ன ஆயிறப்போகுது?”

அம்மா உள்ளே போனார். சோறு போட்ட தூக்குப்போசியோடு வெளியே வந்தார்.

“நகரு. நானும் வர்றேன்.”

“நீங்க எதுக்குங்க?”

“சோத்து நேரமாச்சு. அங்கயே சாப்பிட்டுக்கலாம்.”

கல்லுக்குழியில் மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருந்தது. கரையில் ஒரு பாறையைத் தட்டிவிட்டு அம்மா உட்கார்ந்தார். போசியைத் திறந்தார். டிரைவர் டெம்போவின் பின்கதவை இறக்கி, ஒரு மூட்டையைக் கீழே வைத்தான்.

எதிர்க்கரையில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவர் இந்தக் குழிக்கு எப்போதும் ரோட்டுப் பக்கமிருந்துதான் வந்திருக்கிறார். அந்தப் பக்கம் பாறைக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். குழாயில் தண்ணீர் வராத நாளில் அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இதுதான் துறை. மூன்று பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி வையாபுரியின் மனைவி.

“மொதலாளித் தாத்தா!”

தேன்மொழி கரையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். எவ்வளவு தூரம் ஓடுகிறாள் என்று அவர் பார்த்துக்கொண்டே நின்றார். முழங்கால் வரை நனைந்திருந்தது. வந்த வேகத்தில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து போசிக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மா ஒரு கவளம் உருட்டி அவள் வாயில் கொடுத்தார்.

“நீ உன் வேலையைப் பாரு” என்றார் சென்னியப்பனிடம், நிமிராமலேயே. “மூட்டையை இறக்கு.”

சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார்.

டிரைவர் இரண்டாவது மூட்டையில் கை வைத்தான். “போட்டுறலாங்களா?”

சென்னியப்பன் போய், கீழே இருந்த மூட்டையைத் தன் கையாலேயே தூக்கினார். வெள்ளை வேட்டியோடு அவர் சுமை தூக்கி அந்த டிரைவர் பார்த்ததில்லை. மூட்டை மறுபடி டெம்போவில் ஏறியது.

தேன்மொழி வாயிலிருந்த சோற்றை அவசரமாக விழுங்கினாள்.

“தாத்தா, அந்தச் சாக்குல என்ன?”

“எங்களோடது கண்ணு” என்றார் சென்னியப்பன். “எடுத்துட்டுப் போறோம்.”