பலா இலையில் ஐம்பது குத்து

விடியும் நேரத்தில் மேகம் கீழே இறங்கி, மரங்களுக்கு நடுவே சற்று உட்கார்ந்துவிட்டுப் போகும் ஒரு மலைக்காட்டில், பவளம் என்றொரு அணில் இருந்தாள், பிள்ளைகளே. உங்கள் வீட்டு மதிலில் ஓடுகிற சின்ன அணில் அல்ல. செம்பட்டை முதுகும், உடம்பைவிட நீளமான வாலும் உள்ள மலை அணில்.

பவளத்துக்கு ஒரு குணம் உண்டு. சேர்த்து வைப்பாள். ஒரு பலாக்கொட்டை கிடைத்தால் அதைப் பொந்தில் போட்டு, இலையால் மூடி, மேலே இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் அடைமழை பிடித்தபோது அவள் கூட்டில் மூன்று குட்டிகள் இருந்தன. பொந்து சீக்கிரம் காலியாகிவிட்டது. அவள் தின்றால்தான் பால். பால் இருந்தால்தான் குட்டிகள். மழை விட்டபோது கூட்டில் இரண்டு குட்டிகள் இருந்தன.

அந்த இரண்டும் வளர்ந்து வேறு மரத்துக்குப் போய்விட்டன. இந்த வருஷம் புதிதாக இரண்டு. ஒன்று தூங்கினால் மற்றது அழும். மற்றது ஓய்ந்தால் முதலாவது எழுந்துகொள்ளும். அணில்களில் அப்பாக்கள் கூட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லாம் பவளம்தான். விடியும்போது அவள் கண்கள் உள்ளே போயிருக்கும், வால் ஈரத்துணி மாதிரித் தொங்கும்.

ஓடைக்கரைப் பாறையின் அடியில் தங்கப்பன் என்ற மரநாய் காபிக்கடை வைத்திருந்தான். காட்டிலேயே நல்ல காபிப்பழம் எதுவென்று அவன் மூக்குக்குத்தான் தெரியும். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை எங்கிருந்து எடுத்துக் காயவைக்கிறான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. காபி அவ்வளவு மணமாக இருக்கும்.

ஒரு மூங்கில் குவளை காபிக்கு ஒரு பலாக்கொட்டை. பவளம் தினமும் காலையில் ஒரு குவளை குடிப்பாள். அந்த ஒரு குவளை நேரம்தான் அவளை யாரும் கூப்பிடாத நேரம்.

ஒருநாள் தங்கப்பன் ஒரு பச்சைப் பலா இலையை நீட்டினான்.

"அக்கா, இது உங்க கார்டு."

"எனக்கெதுக்கு கார்டு?"

"ஒரு குவளைக்கு ஒரு குத்து." தங்கப்பன் தன் கூரிய பல்லால் இலையில் ஒரு துளை போட்டான். "பத்துக் குத்து விழுந்தா பதினோராவது காபி இனாம். உங்களை மாதிரி தினமும் வர்றவங்களுக்குன்னே செஞ்சது."

இனாம் என்ற சொல் பவளத்தின் காதில் இனித்தது. அன்று மாலையே இன்னொரு குவளை குடித்தாள். தாகம் இல்லை. இரண்டாவது குத்து விழட்டுமே என்றுதான். ஆறாவது குத்து விழுந்த பிறகு, மீதி நான்கு வெற்றிடமும் அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன. குட்டிகள் அழ அழ விட்டுவிட்டு ஓடிப்போய்க் குடித்துவிட்டு வந்தாள்.

பதினோராவது காபி இனாமாகக் கிடைத்தது. அதை அவள் ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி குடித்தாள்.

தங்கப்பன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். மத்தவங்க கிட்ட சொல்லலை. நாற்பது பலாக்கொட்டை மொத்தமா முன்கூட்டியே கொடுத்துட்டீங்கன்னா, ஐம்பது காபி உங்களுடையது. பத்து காபி சும்மா வருது."

"நாற்பதா! மழைக்கு வெச்சிருக்கேன் தங்கப்பா. குட்டிங்க இருக்கு."

"அட, நான் என்ன எடுத்துக்கிட்டுப் போயிடப் போறேனா? இங்க வாங்க."

அவளைப் பாறைக்குப் பின்னால் அழைத்துப்போனான். அங்கே ஒரு நாவல் மரம். அதில் ஒரு பொந்து. ஆழமான, உலர்ந்த, வாய் குறுகிய பொந்து. எந்த அணிலும் ஆசைப்படுகிற பொந்து.

"இதுக்குள்ளதான் வைப்பேன். உங்க கையாலேயே போடுங்க. இலை மூடுங்க. தட்டிப் பாருங்க."

பிள்ளைகளே, வேறு எந்த மிருகமாக இருந்தாலும், "இது உன் பொந்தாயிற்றே" என்று கேட்டிருக்கும். பவளம் அணில். பொந்தில் போட்டது எதுவாயினும் அது சேமிப்பு என்று அவள் இனமே நம்பியிருந்தது. கண் எரிய, கால் தள்ளாட, எட்டு நடை நடந்து நாற்பது பலாக்கொட்டைகளையும் கொண்டுவந்து போட்டாள். இலையால் மூடினாள். இரண்டு தட்டுத் தட்டினாள். மூச்சு சீராக வந்தது.

தங்கப்பன் ஒரு பெரிய பலா இலையைக் கொடுத்தான்.

"இலை பச்சையா இருக்கிற வரைக்கும் கார்டு செல்லும்."

"நான் வர முடியலைன்னா?"

"யாரை வேணாலும் அனுப்புங்க. உங்க நாத்தனார் வரட்டும், எதிரி வரட்டும். நான் முகத்தைப் பார்க்க மாட்டேன் அக்கா, இலையைத்தான் பார்ப்பேன்."

பத்து நாள் போனது. ஒரு நாளைக்கு ஒன்று என்று பத்துக் குத்து விழுந்தது. குட்டிகளை விட்டுவிட்டு அதற்கு மேல் வர முடியவில்லை. பதினோராவது நாள், வரவேண்டிய காலத்துக்கு முன்பே, மழை வந்தது.

சும்மா வரவில்லை. மலையைக் குடைந்துவிடுவது போல வந்தது. பலா மரங்களில் பிஞ்சு கூட நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பவளம் தன் சொந்தப் பொந்தில் கையை விட்டாள். ஐந்து பலாக்கொட்டைகள் கையில் தட்டின. இன்னும் ஆழமாக விட்டாள். ஈர மண்தான் தட்டியது.

கூட்டில் சின்னக்குட்டி பாலைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, வாயை எடுத்துக்கொண்டு அழுதது.

போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்தது. பவளம் இலைக் கார்டைப் பல்லில் கவ்விக்கொண்டு, கிளைக்குக் கிளை தாவி, நனைந்து, ஓடைக்கரைக்கு ஓடினாள்.

கடையில் கூட்டம். மழைக்கு எல்லோருக்கும் சூடாக எதுவாவது வேண்டியிருந்தது.

"தங்கப்பா, என் பலாக்கொட்டையில இருபது திருப்பிக் கொடு. மீதி அப்படியே இருக்கட்டும்."

தங்கப்பன் காபியை ஆற்றியபடியே சிரித்தான். "கொட்டை திரும்பக் கிடையாதே அக்கா. காபிதான்."

"பொந்துலதானே இருக்கு! நான்தானே போட்டேன்!"

"போட்டது நீங்க. பொந்து யாருடையது?"

பவளம் பாறைக்குப் பின்னாலிருந்த நாவல் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"குட்டிங்க பசியில அழுவுது தங்கப்பா. காபி குடிச்சா எனக்குப் பால் ஊறுமா?"

"அதெல்லாம் கார்டு வாங்கறப்ப யோசிச்சிருக்கணும். சரி, உங்க நல்லதுக்குச் சொல்றேன், இலையைப் பாருங்க."

பார்த்தாள். இலையின் விளிம்பு சுற்றிலும் மஞ்சளாகியிருந்தது.

"நாளைக்குள்ள முழுசும் பழுத்துடும். பழுத்தா கார்டு செல்லாது. இன்னிக்கே எவ்வளவு முடியுமோ குடிச்சுடுங்க. வீணாக்காதீங்க."

வீணாக்குவதா? பவளத்தால் தாங்க முடியாத சொல் அதுதான். ஒரு குவளை வாங்கிக் குடித்தாள். இன்னொன்று. மூன்றாவதில் நாக்கு வெந்தது. நான்காவதில் இதயம் பறை மாதிரி அடித்தது. இன்னும் முப்பத்தாறு குவளை. பாறையில் சாய்ந்துகொண்டு வெறுமனே மழையைப் பார்த்தாள். அழுவதற்குக்கூட அசதியாக இருந்தது.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னங்க! எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க!"

அது புஷ்பம் என்கிற இருவாச்சிப் பறவை. முட்டையிடும் காலம் வந்தால் இருவாச்சிப் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசிக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் இருக்கும். வெளியே ஓடி ஓடிக் கொண்டுவந்து ஊட்டுவது புருஷன் வேலை.

வரிசையில் நின்ற அவள் புருஷன் சூசை, தன் பெரிய மஞ்சள் அலகை மேலே தூக்கினான். "ஒரு பலாக்கொட்டைதான் இருக்கு புஷ்பம்! ஒரு காபிதான் வரும்!"

"அப்ப அதை நீங்க குடிச்சுடுவீங்க, அப்படித்தானே? அஞ்சு வாரமா இருட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கேன்!"

"நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கேனா? என் இறக்கையைப் பாரு!"

"எங்க பார்க்கிறது? ஒரு கண்ணு கூட நுழையலை இந்தக் கீறல்ல!"

வரிசையே சிரித்தது. பவளம் சிரிக்கவில்லை. அவள் சூசையின் அலகு நுனியிலிருந்த பலாக்கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனிடம் ஒரு பலாக்கொட்டை இருக்கிறது, இரண்டு காபி வேண்டும். தன்னிடம் முப்பத்தாறு காபி இருக்கிறது, பலாக்கொட்டை வேண்டும்.

மெல்ல எழுந்தாள்.

"சூசையண்ணே, அந்தப் பலாக்கொட்டையை எனக்குக் கொடுங்க. என் கார்டுல ரெண்டு காபி வாங்கிக்குங்க."

"ரெண்டா?"

"ரெண்டு. அண்ணிக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு."

மரத்தின் மேலேயிருந்து பதில் வந்தது. "கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, கொடுங்க!"

சூசை பலாக்கொட்டையைப் பவளத்தின் முன்னால் வைத்தான். பவளம் இலையை நீட்டினாள். வரிசை முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. ஒரு பலாக்கொட்டைக்கு இரண்டு காபி என்றால் யார்தான் திரும்ப மாட்டார்கள்?

தங்கப்பனின் மீசை விறைத்தது.

"அக்கா, இது நல்லா இல்லை. என் கடை வாசல்ல நின்னுக்கிட்டு என் காபியையே விக்கிறீங்களா?"

"உன் காபியா? ஐம்பதும் என்னுடையதுன்னு சொன்னியே."

"அது... நீங்க குடிக்கிறதுக்கு."

"எதிரி வந்தாலும் கொடுப்பேன்னியே. முகத்தைப் பார்க்க மாட்டேன், இலையைத்தான் பார்ப்பேன்னியே."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொன்னது அக்கா!"

வரிசையின் கடைசியில் நின்ற கரடி தலையைத் தூக்கியது. அதன் கையிலும் ஒரு பலா இலை இருந்தது.

"பேச்சுக்குச் சொன்னதா? அப்ப என் கார்டும் பேச்சுதானா?"

தங்கப்பன் கரடியைப் பார்த்தான். கரடியின் நகத்தைப் பார்த்தான். வரிசையில் இன்னும் எத்தனை பேர் கையில் பச்சை இலை இருக்கிறது என்பதையும் பார்த்தான். அடுப்பில் இன்னொரு பானை தண்ணீர் வைத்தான்.

இலை பழுத்துவிடும் என்று நம்பி அவன் அவ்வளவு தூள் அரைத்து வைக்கவே இல்லை. அரைத்தான், கொதிக்கவைத்தான், ஆற்றினான், ஒவ்வொரு குவளைக்கும் ஒரு குத்துக் குத்தினான். ஐம்பதாவது குத்து விழுந்தபோது அவன் தாடை வலித்தது. இலையில் இலையே இல்லை, துளைகள்தான் இருந்தன.

பவளத்தின் முன்னால் பதினெட்டுப் பலாக்கொட்டைகள் இருந்தன.

நாற்பது கொடுத்தவள். அதை அவள் மறக்கவில்லை. ஆனால் மழையில் நின்று கணக்குப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. வாய் கொண்ட மட்டும் கவ்விக்கொண்டு, நான்கு நடை நடந்து, கூட்டுக்குப் பக்கத்திலிருந்த தன் சொந்தப் பொந்தில் போட்டாள். தட்டிப் பார்க்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து மூன்றைக் கடித்துத் தின்றாள். பிறகு குட்டிகளிடம் போனாள். கொஞ்ச நேரத்தில் பால் ஊறியது. சின்னக்குட்டி வாயை எடுக்கவே இல்லை.

எட்டாம் நாள் மழை விட்டது. பொந்தில் கடைசியாக ஒரு பலாக்கொட்டை இருந்தது. கூட்டில் குட்டிகள் இரண்டும் இருந்தன.

வெயில் வந்து, பலா மரங்கள் மறுபடி காய்த்து, பவளம் ஒரு காலையில் ஓடைக்கரைக்கு வந்தாள். பாறைமேல் ஒரு பலாக்கொட்டையை வைத்தாள். ஒரு குவளை காபியை வாங்கி, ஆறவிட்டு, நிதானமாகக் குடித்தாள்.

தங்கப்பன் சிரித்துக்கொண்டே வந்தான். அவனுக்கு வெட்கம் என்பது ஒருநாளும் ஒட்டியதில்லை.

"அக்கா, பழசையெல்லாம் மறந்துடுங்க. புது ஆஃபர். இந்த இலையைப் பாருங்க, ரெண்டு மடங்கு பெரிசு. ஐம்பது கொடுத்தா எழுபது."

பவளம் அந்த இலையை வாங்கிப் பார்த்தாள். அகலமான, தடித்த, நல்ல இலை.

"இலைக்குக் காசு உண்டா தங்கப்பா?"

"சேச்சே! கார்டு சும்மாதான் அக்கா."

"சரி, கொடு."

அதைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டு மரம் ஏறினாள். கூட்டின் ஒரு மூலையில் ஒழுகிய இடத்தில் விரித்து, சின்னக்குட்டியை அதன்மேல் படுக்கவைத்தாள். அளவு சரியாக இருந்தது.

நீதி: நாளை குடிக்கப்போகும் காபிக்கு இன்றே கொடுத்துவிட்டால், அது கடைக்காரனின் பொந்தில் சேருமே தவிர நம் பொந்தில் சேராது.