முட்டிக்குப் பிறகு முதுகு

மடத்துக்கு யார் வந்தாலும் முதலில் குருவின் சமாதியை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அது அங்கே வழக்கம். ஆபரேஷனில் முட்டி மாற்றிக்கொண்டு இன்னும் சரியாகத் தேறாத சபாநடேசனுக்கும் விலக்குக் கிடையாது. ஒரு கையில் தடி, மறு கை மனைவி தையல்நாயகியின் தோளில். முணுமுணுத்துக்கொண்டே சுற்றி முடித்து, தனக்காகப் போட்டிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

மடத்துத் தலைவி அருளம்மையார் எதிரே தரையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடரான சபாநடேசனைவிட வயதில் இளையவர்.

"என்னம்மா அநியாயம் இது?" என்றார் சபாநடேசன்.

"முட்டி தேறிட்டு வருதுன்னு சொன்னாங்களே."

"முட்டிக்கு என்ன, அது ராஜா மாதிரி இருக்கு. இப்போ முதுகு! டிஸ்க் விலகி நரம்பை அழுத்துதாம். அதுக்கும் ஆபரேஷனாம். செஞ்சுக்கலைன்னா கால் மரத்துப் போயிடுமாம். புது முட்டி இருந்தும் நடக்க முடியாதாம்."

"எப்போ செய்யறாங்க?"

"எப்பவும் இல்ல. முடியாதுன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்."

தையல்நாயகி ஏதோ சொல்ல வந்தாள். அவர் விடவில்லை.

"போதும்மா. ஐஸ் வெச்சுக்கிட்டுக் கட்டில்ல கிடந்ததும், அந்த பிசியோதெரபிக்காரன் காலை மடக்கறப்பல்லாம் தெருவே கேக்கற மாதிரி கத்தினதும் போதும். இப்போதான் ஆள் துணை இல்லாம பாத்ரூம் போறேன். மறுபடி முதல்லேருந்தா? இந்த முதுகுக்கு வேற நேரமே கிடைக்கலையா? கூடவே இருந்து கழுத்தறுக்கறதுன்னா இதுதான்."

அம்மையார் ஒரு முற்றல் தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"பார்க்க வர்றவங்க எல்லாம் பூர்வஜென்மக் கணக்குங்கறாங்க. உங்களைத்தான் கேக்கறேன். போன ஜென்மத்துல அப்படி என்ன பாவம் பண்ணிட்டேன் நான்?"

"இன்னொரு சுத்து சுத்திட்டு வாங்க."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

கேட்ட கேள்விக்கு இது ஒரு பதிலா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த கோபத்தில் மனைவியைக்கூடக் கூப்பிடாமல் தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். பாதிச் சுற்றில், பின்னால் தையல்நாயகி சிரிப்பது கேட்டது. திரும்பிப் பார்த்தார்.

அம்மையார் அவருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். இடது பக்கமாகச் சாய்ந்து, இடுப்பை வெட்டி வெட்டி, வலது காலை ஊன்றியும் ஊன்றாமலும்.

"என்னைக் கிண்டல் பண்றீங்களா?"

"உங்க நடையைத்தான் நடக்கறேன். எந்த முட்டியை மாத்தினாங்க?"

"வலது."

"ஊன்றினா வலிக்குதா?"

"இப்போ இல்ல."

"அப்புறம் ஏன் அந்தக் கால்ல நிக்க மாட்டேங்கறீங்க?"

சபாநடேசன் தன் காலைக் குனிந்து பார்த்தார். "பழகிப் போச்சு. தேய ஆரம்பிச்ச நாள்லேருந்து இப்படிச் சாஞ்சுதானே நடக்கறேன்."

"இத்தனை வருஷமா அந்தக் கால் சுமக்காத பாரத்தை எது சுமந்துச்சு?"

அவர் கை தானாக இடுப்புக்குப் பின்னால் போயிற்று.

"முட்டி தினமும் கத்துச்சு. நீங்களும் அதையே தடவிக்கிட்டு இருந்தீங்க," என்றார் அம்மையார். "முதுகு இப்போதான் வாயைத் திறக்குது. அதுக்குள்ள அதைத் துரோகிங்கறீங்க."

மெதுவாக நாற்காலிவரை வந்தார்கள். சபாநடேசன் உட்காரவில்லை. கிளம்புகிற பாவனையில் மனைவியின் தோளுக்காகக் கையை நீட்டினார். தையல்நாயகி வழக்கமான பக்கம் வராமல் மறுபக்கம் வந்து நின்றாள்.

"ஏன் இந்தப் பக்கம் வர்றே?"

"அந்தத் தோள் பிடிச்சிருக்குங்க. கையைத் தூக்க முடியல."

"எப்போலேருந்து?"

"நீங்க ஆஸ்பத்திரியிலேருந்து வந்த புதுசுலேருந்து."

"சொல்றதுக்கு என்ன கேடு?"

"உங்க முட்டி தேறட்டும்னு இருந்தேன்."

நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அம்மையார் பக்கம் திரும்பினார்.

"ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிடறேம்மா."

"முதல்ல இவங்க தோளைக் காட்டிட்டு வாங்க," என்றார் அம்மையார். "உங்க முதுகு ரெண்டு நாள் பொறுத்துக்கும். அதுக்குப் பழக்கம்தானே."