குயிலிக்கு வராத முறை

ஒரு ஊர்ல ஒரு கம்ப்யூட்டரு, அதுக்குள்ள ஒரே அடிதடி. "நான்தான் முதல்ல!" "போடா அந்தப் பக்கம்!" ஏன்னா வேலைங்க நிறைய, செய்றவன் ஒருத்தன். தவசின்னு பேரு. எல்லாம் ஒண்ணாவே ஓடுதுன்னு வெளிய இருக்கிறவங்க நினைப்பாங்க. பொய்யி. பொன்னுரங்கம்னு ஒருத்தன் மணி வச்சிருப்பான். டிங்! உடனே தவசி, விட்ட இடத்த சீட்டுல குறிச்சிட்டு அடுத்த வேலைக்கு ஓடணும். டிங்! அப்புறம் அடுத்தது. யாருக்கு எப்போன்னு சொல்றது பொன்னுரங்கம்தான். ம் சொல்லு.

ம்.

வரிசைக் கடைசியில குயிலி நிக்கிறா. கண்ணு சிமிட்டுற நேரத்துல முடியுற வேலை அவளோடது. கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டுப் பொண்ணு பூரணி, பழைய போன்ல இருந்த செத்துப்போன அம்மா பேச்ச ஓடவிட்டு, கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணா. "குழம்ப மூடி வை, பூனை வந்துரும்." அவ்வளவுதான் பேச்சு. அதோட அந்த போனும் செத்துப்போச்சு. இப்போ அது குயிலி கையில மட்டும்தான் இருக்கு. அவ முறை வந்து ஹார்ட் டிஸ்க்ல எழுதி வச்சாத்தான் நிக்கும். கரண்ட் போனா போச்சு.

"அண்ணே, என் முறை எப்போ?"ன்னு பொன்னுரங்கத்துகிட்ட கேட்டா.

"இரு பாப்பா, கேம் வந்திருக்கு." டமால் டுமீல்!

அப்புறம் மறுபடி வந்தா. "அண்ணே?"

"பாட்டு நடுவுல திக்கும். இரு." டண்டணக்கா டண்டணக்கா!

மூணாவது தடவையும் வந்தா. "அண்ணே, கை வலிக்குது."

"வீடியோ சுத்திக்கிட்டே நின்னா என்னைத் திட்டுவாங்க. நீ நின்னா யாருக்குத் தெரியப்போவுது?"

குயிலி அப்புறம் கேக்கவே இல்ல. தூங்கிட்டியா?

ம்ம்.

அப்போ, படக்! கரண்ட் போச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு கரண்ட் வந்துச்சு. தவசி எழுந்தான். கேம் வந்துச்சு, பாட்டு வந்துச்சு, வீடியோ வந்துச்சு. பொன்னுரங்கம் மணியைப் பிடிச்சிக்கிட்டு வரிசைக் கடைசியப் பாத்தான். ஆள் இல்ல. வெளிய பூரணி தேடுனா, தேடுனா, ஒண்ணும் கிடைக்கல. அப்புறம் எழுந்து போயி குழம்ப மூடி வச்சா.

கதை இங்க நின்னுபோச்சு, கண்ண மூடு. அந்தக் கம்ப்யூட்டர உண்டாக்குனவங்க பொன்னுரங்கத்துக்கு முதல் நாளே சொல்லித்தான் மணியக் குடுத்தாங்க: "ஒவ்வொரு மணிக்கும், காத்து நிக்கிறவங்கள ஒரு படி முன்னால நிறுத்து."

அவன் நிறுத்தல.