கழித்த சத்தம்

"இது யாரு மேன்?" என்று கேட்டுவிட்டு, ஸ்டுடியோ சோபாவில் உட்கார்ந்திருந்த டோரத்தி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

உங்கள் தம்பி ரெக்ஸ்தான் ஆன்ட்டி என்றான் ஆல்பன். அவள் ஒப்பவில்லை. ரெக்ஸ் குரலில் வேறு எவனோ பாடுகிறான் என்றாள். கோபமில்லாமல் சொன்னாள்.

ரெக்ஸ் செத்து ஐம்பது வருஷமாகிறது. பெரம்பூர் ரயில்வே காலனியில் நாலு பையன்கள் சேர்ந்து ராக் குழு வைத்திருந்தார்கள். உதட்டுச் சாயம், கண்மை, கன்னமெல்லாம் ஜிகினா. ரெக்ஸ் உடம்பில் அக்காளின் சரிகை கவுன். காலனி ஹாலில் ஒரே பிற்பகலில் ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள். கிட்டார் சுருதியில் நிற்கவில்லை. டிரம்ஸ்காரன் எல்லாரையும் விட்டுவிட்டு முன்னால் ஓடினான். ரெக்ஸ் பாதி பாடினான், பாதி கத்தினான். அடுத்த மாதமே மஞ்சள்காமாலையில் போய்விட்டான்.

மிஞ்சியது அந்த டேப் ஒன்றுதான். அதை ஆல்பன் சுத்தம் செய்திருந்தான்; நாளைக்கு இசைத்தட்டு அச்சுக்குப் போக வேண்டும். இந்த எவனோதான் போகப்போகிறான் என்றால் டேப்பைக் கொடு, என் சவப்பெட்டியில் வைக்கச் சொல்லிவிடுகிறேன் என்றாள் டோரத்தி.

ஆல்பன் அடுத்த அறையிலிருந்து தமயந்தியைக் கூட்டி வந்தான். அவனைவிடப் பத்து வயது சின்னவள். பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சர்ச்சில் கிட்டார் வாசிப்பதை விட்டுவிட்டு அவளிடம் வேலை கற்க வந்தவன், முதல் நாளிலிருந்து மாஸ்டர் என்றே கூப்பிட்டான்.

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள் தமயந்தி. வழக்கம்போலத்தான் என்றான். பாட்டு தொடங்குமுன் நான்கு விநாடி யாரும் வாசிக்கவில்லை. அதை மெஷினுக்குக் காட்டி, இதுதான் குப்பை என்று சொல்லி, டேப் முழுக்க அதைக் கழிக்கச் செய்தான். திருப்தி வராமல் மூன்று தடவை கழித்தான்.

"அந்த நாலு விநாடியக் கேட்டீங்களா?"

"அதுல என்ன மாஸ்டர் இருக்கு? வெறும் இரைச்சல்."

அவள் உட்காரவில்லை. ஆல்பனுக்கு அடக்க முடியவில்லை.

"மாஸ்டர், இருபது வருஷம் சுருதி பிசகாம வாசிச்சேன். ஒருத்தன் திரும்பிப் பார்க்கல. இந்தப் பசங்களுக்கு வாசிக்கவே தெரியல. நாற்பது தடவை கேட்டுட்டேன், ஒவ்வொரு தடவையும் கை மயிர் நிக்குது. ஏன்?"

"கழிச்சத மட்டும் போடுங்க" என்றாள்.

அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. குப்பைத் தொட்டியை யார் கிளறிப் பார்ப்பார்கள்? ஆல்பன் அதைத் தொட்டதே இல்லை. ஹெட்போன் ஒயரை மெஷினிலிருந்து பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டான்.

முதலில் மழை மாதிரி இரைச்சல். அதற்குள் ஒரு ஃபேன் சுற்றியது. நாலு பேர் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். பாட்டு தொடங்க வேண்டிய இடத்தில் சொற்கள் வரவில்லை. தொண்டை உரசியது. எச்சில் விழுங்கும் சத்தம். வெறுங்கால் தரையை உதைத்தது. சரிகை சரசரத்தது. வாயே இல்லாமல் ஒரு உடம்பு அறைக்குள் நடமாடியது. யாரோ சிரித்தார்கள், அத்தனை கிட்டத்தில். ஆல்பன் திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

"இவன்தான்" என்றாள் டோரத்தி.

ஆல்பன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லையே மாஸ்டர் என்றான், மெதுவாக.

தமயந்தி அவனைப் பார்த்தாள்.

"அந்த இருபது வருஷத்துல நீங்க கழிச்சதையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

ஆல்பன் கழித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்து, டேப்பை முதலிலிருந்து ஓடவிட்டான்.

டோரத்தி சோபாவில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டாள்.