பேர் சொன்ன படம்

ஈரோட்டில் சோப்புக் கம்பெனி நடத்திய ரத்தினவேலு, தலைப்பாகையும் வாளுமாகத் தன்னை வரையச் சொல்லி வரவேற்பறையில் மாட்டினார். வந்தவர்களோ, "இது எந்த ஊர் ஜமீன்தாருங்க?" என்று கேட்டார்கள். அவருக்கு வந்ததே கோபம்!

விளம்பரப் படம் வரையும் குயிலியைக் கூப்பிட்டார். "உள்ளே வர்றவங்க யாராயிருந்தாலும், பார்த்ததும் என் பேரைச் சொல்லணும். ஆனா படத்துல ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது. முடியலைன்னா வேலையை விட்டுப் போயிரு."

"ஆகட்டுங்க ஐயா" என்றாள் குயிலி.

சுவரளவு படம் தயாரானது. திரையை விலக்கினால், அதில் ஆளே இல்லை. மஞ்சள், நீலம், ரோஸ், பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வரிசை வரிசையாகத் துணி சோப்புக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் கம்பெனியின் குடை முத்திரை.

"என் மூஞ்சி எங்கே?" என்று கத்தினார் முதலாளி.

"பேரைச் சொல்லணும்னுதானுங்க சொன்னீங்க. மூஞ்சியைக் கேக்கலையே."

அவர் பதில் சொல்வதற்குள், பக்கத்து மில்லுக்கு வழி கேட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தாள். வந்த காரியம் மறந்துபோயிற்று.

"அட, நம்ம ரத்தினவேலு சோப்பு! இது இல்லாம எங்க ஊட்டுல ஒரு வேட்டி வெளுக்காதுங்க. எத்தனை அழகா இருக்குது!"

அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு எதிரே நின்றவரிடம், "ஏனுங்க, கொஞ்சம் நகருங்க, மறைக்குது" என்றாள்.

ரத்தினவேலு குயிலியைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தபடி நகர்ந்து நின்றார்.